கடிக்கிற அண்டா

மின்சாரப் பாடம் நடத்திச் சம்பளம் வாங்கியவள் நான். மின்சாரத்தைக் கண்டு என்னளவுக்கு நடுங்கியவர்கள் திண்டுக்கல் ஊரில் வேறு யாராவது இருந்திருப்பார்களா என்பது சந்தேகம். இரண்டும் ஒரே ஆளிடம் எப்படிச் சேர்ந்தன என்று கேட்டால், கல்லூரியில் இயற்பியலில்தான் இடம் கிடைத்தது, அதைப் படித்தேன், பிறகு பி.எட். முடித்தேன், வேலையும் கிடைத்தது. பயம் அதற்கெல்லாம் முன்பே கிடைத்துவிட்டது.

நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு ஐப்பசி மழையில் எங்கள் வாடகை வீட்டுச் சுவர் முழுக்க ஊறிப்போயிருந்தது. விளக்குப் போடலாம் என்று சுவிட்ச் மேல் கை வைத்தேன். கை அங்கேயே ஒட்டிக்கொண்டது. எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. கத்தப் பார்த்தேன், வாய் திறந்ததே தவிர சத்தம் வரவில்லை. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "என்னடி அங்க மசமசன்னு நிக்கிற, வந்து தட்டை எடுத்து வை" என்றாள். அந்த நேரம் பார்த்துத் தெருவில் கரண்ட் போனது. ஊரே சலித்துக்கொண்ட அந்த நிமிடத்தில் நான் ஒருத்திதான் பிழைத்தேன்.

அதற்குப் பிறகு எந்தச் சுவிட்சையும் நான் விரலால் போட்டதில்லை. மர ஸ்கேலால் தட்டுவேன். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்கும் முன் புறங்கையால் ஒருமுறை தொட்டுப் பார்ப்பேன். கல்யாணமான புதிதில் என் கணவருக்கு இது வேடிக்கையாக இருந்தது. "ஊருக்கெல்லாம் கரண்ட் பாடம், வீட்ல லைட்டு போட ஆள் தேடுது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். வகுப்பிலும் மின்விசிறி போட வேண்டுமானால் லீடரைத்தான் கூப்பிடுவேன். பிள்ளைகளுக்கு விஷயம் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார்கள், ஆனால் லீடர் எழுந்து போகும்போது பின் பெஞ்சில் ஒரு சிரிப்பு ஓடும்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம் மதுரை ரோட்டில், சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. பெண்கள் பள்ளி. பாதிப் பிள்ளைகள் தறி வீடுகளிலிருந்தும் சாயப் பட்டறைகளிலிருந்தும் வருவார்கள். நான் திண்டுக்கல்லில் பஸ் ஏறி, பெரும்பாலும் நின்றுகொண்டே போய் இறங்குவேன்.

அந்த பஸ்தான் எனக்குப் பாடமும் கொடுத்தது. அணுவைச் சுற்றி எலக்ட்ரான்கள் கூடு கூடாகச் சுற்றுகின்றன, வெளிக்கூட்டில் இருப்பவற்றுக்கு இணைதிறன் எலக்ட்ரான்கள் என்று பெயர், அவை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்து வைக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்துத்தான் ஒரு பொருள் மின்சாரத்தைக் கடத்துமா கடத்தாதா என்பது அமையும். இதைப் புத்தகத்தில் உள்ளபடி சொன்னால் பிள்ளைகளின் கண்கள் அப்படியே ஜன்னலுக்குப் போய்விடும். அதனால் நான் பஸ்ஸைக் கொண்டுவருவேன்.

"செம்புக்கு மொத்தம் இருபத்தொன்பது எலக்ட்ரான். ரெண்டு, எட்டு, பதினெட்டு, ஒண்ணு. உள்ள இருக்கிறவங்களுக்கெல்லாம் சீட்டு கிடைச்சிருச்சு. அந்தக் கடைசி ஒண்ணு இருக்கே, அது படிக்கட்டுல தொங்குற ஆளு. எந்த ஸ்டாப்புலயும் குதிச்சிருவான், அடுத்த பஸ்ல தொத்திக்குவான். அங்க தொங்கிக்கிட்டு இருந்தவன் அதுக்கு அடுத்த பஸ்ஸுக்குப் போவான். இப்படி எல்லாரும் ஒரே பக்கமா நகர்ந்தா அதுதான் மின்னோட்டம்."

"ரப்பர் டீச்சர்?"

"அது கதவு மூடுன பஸ்ஸு. ஒருத்தனும் எறங்க மாட்டான்."

இதைச் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கும் கரும்பலகையில் இருக்கிற மின்சாரத்தைப் பார்த்துப் பயமில்லை. சாக்பீஸ் செம்பு யாரையும் பிடித்துக்கொள்வதில்லை.

நான் சொல்ல வந்த நாள் ஒரு மழைக்கால நாள். அன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்தே கரண்ட் இல்லை. சாயங்காலம் ஐந்து மணிவாக்கில் வரும் என்று சொல்லியிருந்தார்கள். கடைசிப் பாடவேளை என்னுடையது. செம்பின் படத்தை வரைந்துவிட்டு, "யார் யார் வீட்ல செம்புச் சாமான் இருக்கு?" என்று கேட்டேன். குடம், தவலை, பூஜைச் சொம்பு என்று ஒவ்வொன்றாக வந்தது. ஜன்னலோரத்தில் ஒரு பெண் எழுந்து நின்றாள். சாயப் பட்டறை வீட்டுப் பிள்ளை. விரல் நுனிகளில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் இருக்கும். அன்றைக்குப் பச்சை.

"எங்க வீட்ல அண்டா இருக்கு டீச்சர். சாயம் போடுற அண்டா. செம்புதான்."

"அப்ப உங்க வீட்டு அண்டா நல்ல கடத்தி. உக்காரு."

அவள் உட்காரவில்லை. "அதனாலதான் கடிக்குதா டீச்சர்?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். "அண்டா எப்படிடி கடிக்கும்?"

"உள்ள கைய விட்டா சுர்ருன்னு கடிக்கும் டீச்சர். காஸ்டிக் சோடா போடுவோம்ல, அந்தக் காரந்தான் கடிக்குதுன்னு அப்பா சொல்லுவாரு. கை வெடிச்சுக் கெடக்குல்ல, வெடிப்புல காரம் எறங்கும்னு." கொஞ்சம் தயங்கினாள். "ஆனா செருப்புக் காலோட தொட்டா கடிக்கல டீச்சர். ஒரு நாள் பள்ளிக்கூடத்துல இருந்து போன வேகத்துல செருப்போட பட்டறைக்குள்ள போயிட்டேன். அம்மா ஏசுனாங்க. தொழில் பண்ற எடத்துக்குள்ள யாரும் செருப்புப் போடக் கூடாது. ஆனா அன்னைக்குக் கடிக்கவே இல்ல."

என் சிரிப்பு நின்றுவிட்டது.

"அண்டாவுக்குத் தண்ணி எப்படி வருது?"

"மோட்டார்ல டீச்சர். இரும்புப் பைப்ப அண்டா விளிம்புலயே சாத்தி வச்சிருப்போம். தண்ணி விழுக விழுகத்தான் நூலை அலசுவோம்."

"எப்ப இருந்து கடிக்குது?"

"கோடையில இருந்தே கொஞ்சம் கொஞ்சம். மழை பிடிச்சதுல இருந்து ரொம்ப."

நான் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தேன். மோட்டார் கம்பியின் மேலுறை எங்கோ தேய்ந்திருக்கிறது. அங்கிருந்து இரும்புப் பைப்புக்கு வருகிறது. பைப்பிலிருந்து செம்பு அண்டாவுக்கு. அண்டாவுக்குள் உப்பும் காரமும் கரைத்த தண்ணீர், அதுவும் நன்றாகக் கடத்தும். அந்தத் தண்ணீருக்குள் ஒருத்தியின் கை. அவள் வெறுங்காலோடு நிற்பது நனைந்த தரை. நான் வருஷா வருஷம் வண்ண சாக்பீஸில் வரைகிற முழுச் சுற்று ஒன்று, பக்கத்து ஊரில் ஒரு பொம்பளை உடம்பு வழியாகப் போய்க்கொண்டிருந்தது. இவ்வளவு நாள் சுர்ரென்றதோடு நின்றது, தேய்ந்த உறை இன்னும் கொஞ்சம் மிச்சம் இருப்பதால்தான். அதுவும் மழையில் ஊறிக்கொண்டிருக்கிறது.

"இன்னைக்குச் சாயம் உண்டா?"

"உண்டு டீச்சர். காலையில இருந்து கரண்டு இல்லைல்ல, நூலு அப்படியே கெடக்கு. கரண்டு வந்ததும் ஆரம்பிச்சிருவாங்க. அம்மாதான் அலசுவாங்க." பிறகு அவள் ரொம்ப உற்சாகமாகச் சொன்னாள்: "நான் போய்ச் சொல்லிர்றேன் டீச்சர். நம்ப மாட்டாங்க. செருப்போட ஒருவாட்டி, செருப்பில்லாம ஒருவாட்டி தொட்டுக் காட்டுறேன்."

நல்ல மாணவிதான். நான் கற்றுக் கொடுத்ததை அப்படியே செய்து பார்க்கப் போகிற மாணவி. "தொட்டேன்னா தோலை உரிச்சிருவேன்" என்று கத்தினேன். அந்தப் பிள்ளையின் முகம் சுருங்கிப்போனது.

மணி அடித்ததும் ஆபீஸ் அறைக்கு ஓடி மின்வாரியத்துக்கு போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பராமரிப்பு நாள், ஆட்கள் எல்லாம் கம்பத்தில் இருந்திருப்பார்கள். அவள் தெருவில் போன் இருக்கிற வீடு எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. வேறு யாரையாவது அனுப்பிவிட்டு நான் திண்டுக்கல் பஸ்ஸைப் பிடித்துவிடலாமா என்று மனது நான்கு பக்கமும் ஆள் தேடியது. ஒன்றும் தெரியாதவர்களின் பயம் இல்லை இது, கணக்குத் தெரிந்த பயம். எந்த ஈரத்தில் எவ்வளவு பாயும் என்று எனக்குத் தெரியும். ஆள் யாரும் கிடைக்கவில்லை. அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன்.

பஸ்ஸில் அவள் பேசிக்கொண்டே வந்தாள். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. வழியில் வந்த ஒவ்வொரு டீக்கடையிலும் மின்விசிறி நிற்கிறதா சுற்றுகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தேன். நின்றது. அடுத்ததும் நின்றது. இறங்கி நடக்கும்போது ஒரு சலூனில் விளக்கு எரிவது தெரிந்து எனக்கு உயிர் போய்விட்டது. பெட்ரோமாக்ஸ் விளக்கு. மழைக்கு இருட்டுகிறது என்று ஏற்றி வைத்திருந்தார் மனிதர்.

வீட்டுக்குப் பின்னால் பட்டறை. தகரக் கூரை, சிமெண்டுத் தரை. தரையில் அன்றைக்கும் அதற்கு முந்தின நாளுக்கும் உரிய நிறங்கள் கலந்து ஓடிக்கிடந்தன. வாசல் பக்கச் சுவரில் ஒரு மரப்பலகை, அதன்மேல் மோட்டார் சுவிட்ச். பலகைக்கு மேலே மழைத்தண்ணீர் இறங்கிய கறை கோடு கோடாக இருந்தது. சுவிட்ச் கீழே இறங்கித்தான் இருந்தது. கரண்ட் வந்தால் மோட்டார் தானாக உறுமும், அந்தச் சத்தம் கேட்டதும் வேலையை ஆரம்பிக்கலாம் என்று எல்லாப் பட்டறையிலும் சுவிட்சைப் போட்டே வைத்திருப்பார்களாம். பிறகு சொன்னார்கள்.

அவளுடைய அப்பா நூல் சிட்டங்களைக் கழியில் கோத்துக்கொண்டிருந்தார். அம்மா அண்டாவுக்குப் பக்கத்தில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றார்.

"டீச்சரம்மா வந்துருக்காங்க" என்று அவள் சொன்னதும் இருவரும் பதறிவிட்டார்கள். பிள்ளை ஏதோ தப்புச் செய்துவிட்டாள் என்று நினைத்திருக்கிறார்கள்.

"வாங்க டீச்சர், உள்ள வாங்க. செருப்ப மட்டும் அங்கன விட்டுருங்க" என்றார் அம்மா.

நான் நிலைப்படியில் நின்றுவிட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தத் தரையில் கால் வைக்க என்னால் முடியாது. செருப்போடு உள்ளே போகவும் முடியாது. "இல்லம்மா, இங்கயே நிக்கிறேன். மொதல்ல அந்த மோட்டார் சுவிட்ச நிப்பாட்டுங்க. உங்க அண்டாவுல கரண்டு வருது."

அவள் அப்பா சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, வீட்டுக்கு வந்த படித்த பெண்ணின் மனது நோகக் கூடாதே என்ற சிரிப்பு. "அது காரம் டீச்சர். எங்க அப்பா கையையும் கடிச்சிருக்கு. கரண்டுன்னா தூக்கில்ல அடிக்கும்? காலையில இருந்து கரண்டே இல்லை. காரம் உள்ளயேதான் கெடக்கு. இப்பவும் கடிக்கும், பாருங்க."

நான் வேண்டாம் என்பதற்குள் முழங்கை வரை உள்ளே விட்டார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். கையைத் துழாவினார். புருவம் சுருங்கியது.

"கடிக்கலியே."

"பாத்தீங்களா? காரம் அங்கதான இருக்கு? கரண்டு இல்ல, அதான் கடிக்கல." என் குரலில் கெட்டிக்காரத்தனம் ஏறியிருக்கும். பயத்துக்கு நடுவிலும் ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சரியான சோதனை, சரியான விடை.

அவர் கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டே, "ஆறிப் போச்சோ என்னமோ" என்றார்.

"ஆறுனாலும் கடிக்குமே" என்றார் அம்மா. சொல்லிக்கொண்டே இரண்டு கையையும் அண்டாவுக்குள் விட்டார். "ஆமாங்க. கடிக்கவே இல்லைங்க."

பக்கத்து வீட்டு ரேடியோ திடீரென்று பாட ஆரம்பித்தது.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரிவதற்குள் தலைக்கு மேல் குண்டு பல்பு எரிந்தது. மோட்டார் உறுமியது. அம்மா கத்தவில்லை. குனிந்த வாக்கில் அப்படியே நின்றார். வாய் திறந்திருந்தது. பார்க்கிறவர்களுக்கு அவர் ஏதோ சொல்லப் போகிறார் என்றுதான் தோன்றியிருக்கும். அவள் அப்பாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. "என்னடி?" என்று கேட்டார். அந்த வாய் எனக்குத் தெரியும். அதிலிருந்து சத்தம் வராது என்று அந்த இடத்தில் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"தொடாதீங்க!" என்று அலறினேன். அவர் அதற்குள் கையை நீட்டிவிட்டார், என் அலறலில் திகைத்து நின்றார். ஆனால் பிள்ளை நிற்கவில்லை. "அம்மா" என்று பாய்ந்தாள். அவள் முதுகில் தொங்கிய புத்தகப் பையை எட்டிப் பிடித்து இழுத்தேன். இன்னொரு கையால், ஸ்கேல் இல்லாமல், புறங்கை இல்லாமல், அந்த ஊறிய சுவரில் இருந்த சுவிட்சை விரலாலேயே மேலே தள்ளினேன்.

மோட்டார் நின்றது. அம்மா பின்பக்கமாகச் சாய்ந்து தரையில் விழுந்தார்.

அந்தச் சில நொடிகளை விவரமாக எழுத இப்போதும் எனக்கு வரவில்லை. நான் செருப்புக் காலோடு உள்ளே ஓடியிருக்கிறேன். அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். ஏறியது. அவள் அப்பா, "மூச்சு விடு, மூச்சு விடு" என்று சொல்லிக்கொண்டே தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். ஆட்டோ கூப்பிடச் சொன்னேன், ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோக வேண்டும் என்றேன். பிள்ளை ஆட்டோ கூட்டிவர ஓடினாள். நான் அந்தச் சாயத் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டேன். அலறல் கேட்டுத் தெருவிலிருந்து பெண்கள் வந்து வாசலில் கூடினார்கள். என்ன ஏது என்று கேட்டவர்களிடம், அண்டா கடித்தது காரத்தால் இல்லை, கரண்டால் என்றேன். அவர்கள் கையிலும் நிறங்கள் இருந்தன.

அம்மா கண்ணைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை, வாசலில் நின்றவர்களையும் பார்க்கவில்லை. புருஷன் முகத்தைப் பார்த்தார். குரல் ரொம்ப மெல்லியதாக வந்தது.

"கடிக்குதுன்னு சொன்னேன்ல?"

அவர் மடியில் கிடந்த தலையைத் தடவிக்கொடுத்தார்.

"கோடையில இருந்து சொன்னேன்ல. உங்களவிட எனக்கு ரொம்பக் கடிக்குதுன்னு சொன்னேன்ல. வேலை செய்ய மேலு வளையல, அதான் நடிக்கிறேன்னு சொன்னீங்கள்ல."

அவர் மனைவியின் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். அவருடையவை காய்ப்புக் காய்த்துப்போன, விறகுக்கட்டை மாதிரியான கைகள். அவரை அது ஏன் லேசாக மட்டும் கடித்தது என்று அப்போது எனக்குப் புரிந்தது. காய்ந்த தடித்த தோல் அவ்வளவாகக் கடத்தாது. வகுப்பில் நான் ஒருநாளும் சொல்லாத பாடம் அது.

எழுந்து வெளியே போனால் போதும் என்றிருந்தது எனக்கு. முடிந்துவிட்டது, அந்த அம்மா பிழைத்துவிட்டார், நான் போய் பஸ் ஏற வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுவரைப் பிடிக்காமல் தட்டுத் தடுமாறி எழுந்தேன்.

அப்போது வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி, சின்னப் பெண்தான், புதுத் தாலி மஞ்சள் கூட மாறவில்லை, தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எங்க வீட்லயும் கடிக்குதுங்க டீச்சர். அதுவும் காரம் இல்லையா?"

அவளுக்குப் பின்னால் நின்ற ஒருத்தி, "எங்க வீட்லயும்" என்றாள். இன்னொருத்தி ஒன்றும் சொல்லவில்லை, திரும்பித் தன் வீட்டை நோக்கி ஓட ஆரம்பித்தாள். அவள் யாரை அண்டாவுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு வந்தாளோ தெரியாது.

கரண்ட் வந்து செத்த நேரம் ஆகியிருந்தது. தெரு நெடுக வீட்டுக்கு வீடு மோட்டார்கள் ஓடும் சத்தம் கேட்டது.